ஏழாம் பக்கத்தில் ஒரு "செல்லாது"

அன்புள்ள செல்வா,

நாலு மாதமாகப் பதில் போடாமல் இருந்தது என் தப்புதான். இங்கே எல்லாரும் சௌக்கியம். புத்தகங்கள் வந்து சேர்ந்தன என்று அக்காவிடம் சொல்லிவிடு. தாடிக்காரரின் பென்ஷன் ஒருவழியாக முடிந்தது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது பேனாவை எடுக்க வைத்தது உன் பாடக்குறிப்பு. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒப்பந்தச் சட்டத்தைத் தமிழிலேயே நடத்தப் போகிறாய் என்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஆனால் ஏழாம் பக்கம் வயிற்றைக் கலக்கிவிட்டது. "செல்லாதவை" என்று ஒரு தலைப்புப் போட்டு, மைனர் எழுதிக் கொடுத்த அடமானம், மிரட்டி வாங்கிய விடுதலைப் பத்திரம் (உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்), ஸ்டாம்பு ஒட்டாத புரோநோட்டு, பந்தயப் பாக்கி என்று நாலையும் ஒரே கொட்டிலில் கட்டியிருக்கிறாய். கோர்ட்டில் இந்த நாலுக்கும் நாலு விதமான முடிவு. தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் "அது செல்லாதுப்பா" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சில் அது போகட்டும். பாடத்தில் போனால் பிள்ளை நாளைக்குக் கட்சிக்காரரிடம் தவறான பதில் சொல்வான்.

மற்ற பக்கங்களில் பெரிய குறை இல்லை. முனைவு (ஒருவர் முன்வைப்பது), ஏற்பு (மற்றவர் ஒப்புவது), மறுபயன் (வாக்குக்கு ஈடாகக் கிடைப்பது) என்று நீ கட்டிய வரிசை நன்றாக இருக்கிறது. 10-ஆம் பிரிவை மனப்பாடமாகச் சொல்ல வைத்துவிடு: தகுதியுள்ள தரப்பினர், சுயேச்சையான சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட மறுபயனும் நோக்கமும், சட்டம் வெளிப்படையாகத் தள்ளாத உடன்பாடு. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதுகெலும்பு அதுதான். மறுபயன் இடத்தில் 1882-இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னய்யா வழக்கைச் சேர். தாய் சொத்தை மகளுக்குக் கொடுக்கிறாள், மகள் தாயின் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் தருவதாக எழுதிக் கொடுக்கிறாள், அப்புறம் மறுக்கிறாள். மறுபயன் தாயிடமிருந்து வந்தாலே போதும் என்றது நீதிமன்றம். 2(d) பிரிவில் "அல்லது வேறு எவரேனும்" என்று இருக்கும் சொற்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வெளிப்படையானது, உட்கிடையானது, நிறைவேறியது, நிறைவேற வேண்டியது என்ற வகைப்பாடெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடியும். அங்கே நேரத்தைக் கரைக்காதே.

ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன்.

மைனரின் அடமானத்தை எடுத்துக்கொள். 1903-இல் பிரிவி கவுன்சில் (அப்போது நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப்படியாக லண்டனில் இருந்த மன்றம்) தீர்த்த மொகரி பீபி வழக்கு. 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தவன் மைனர். அது தொடக்கத்திலிருந்தே இல்லாத ஒன்று என்று தீர்ப்பு. இதில் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பதினெட்டு முடிந்ததும் அவன் "சரி, ஒப்புக்கொள்கிறேன்" என்றால் உயிர் வந்துவிடும் என்று எழுதுவார்கள். வராது. பிறக்காததை எழுப்ப முடியாது. சோறு, துணி, படிப்பு மாதிரி அத்தியாவசியம் கொடுத்தவனுக்கு 68-ஆம் பிரிவு உதவும். அதுவும் மைனரின் சொத்திலிருந்து மட்டும், ஆள்மேல் பொறுப்பு இல்லை. வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்ல மொகரி பீபியில் மறுத்தார்கள். 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் (Specific Relief Act) 33-ஆம் பிரிவு வந்த பிறகு, மைனருக்கோ அவன் சொத்துக்கோ சேர்ந்த பலன் அளவுக்குத் திருப்பச் சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. மொகரி பீபியோடு நிறுத்திவிட்டாய். அறுபது வருஷத்துப் பாடத்தை விழுங்கிவிட்டாயே, ஐயா!

மிரட்டி வாங்கிய பத்திரம் வேறு சங்கதி. அது உயிரோடு இருக்கிறது. மிரட்டப்பட்டவர் தள்ளும் வரைக்கும் அது நல்ல ஒப்பந்தம். தள்ளும் உரிமை அவருக்கு மட்டும், மிரட்டியவருக்குக் கிடையாது. "தவிர்தகு" என்ற சொல்லை வைத்துக்கொள், ஆனால் பக்கத்திலேயே "ஒருவர் தள்ளலாம், அதுவரை நிற்கும்" என்று எழுது. 1917 அம்மிராஜு வழக்கையும் சொல். கணவன் தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் தன் சகோதரனுக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரம் வாங்கினான். தற்கொலைக்குத் தண்டனை இல்லாவிட்டாலும் அது சட்டம் தடுத்த செயல்தான், ஆகவே 15-ஆம் பிரிவின்படி வற்புறுத்தல் என்று சென்னையில் பெரும்பான்மை சொன்னது. ஓல்ட்ஃபீல்டு என்ற நீதிபதி ஒப்பவில்லை. வகுப்பில் இரண்டு பக்கமும் வாதாட விடு, நன்றாகச் சூடு பிடிக்கும்.

உயிரோடு இருக்கிறது என்று நான் அழுத்துவதற்குக் காரணம், பின்விளைவு. ஒருவன் பொய் சொல்லி ஒரு பொருளை வாங்குகிறான். ஏமாந்தவர் ஒப்பந்தத்தைத் தள்ளுவதற்கு முன்னால், விவரம் தெரியாத மூன்றாம் ஆளுக்கு நல்ல விலைக்கு விற்றுவிடுகிறான். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் 29-ஆம் பிரிவின்படி அந்த மூன்றாம் ஆளுக்கு உரிமை போய்ச் சேர்ந்துவிடும். முதல் ஒப்பந்தம் பிறக்கவே இல்லை என்றால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஒரே "செல்லாது" போட்டு மூடினால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. தள்ளுகிறவர் தான் வாங்கியதைத் திருப்ப வேண்டும் (ஒப்பந்தச் சட்டம் 64-ஆம் பிரிவு). காலத்தையும் பார்க்க வேண்டும்: பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்பதற்கு, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. மௌனத்தால் செய்த மோசடியிலும் தவறான எடுத்துரையிலும் (ஏமாற்றும் எண்ணமில்லாமல் சொன்ன தவறான தகவல்) இன்னொரு பொறி: சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் தள்ள முடியாது.

புரோநோட்டைத்தான் நீ ரொம்பப் படுத்திவிட்டாய். ஸ்டாம்பு இல்லாததால் ஒப்பந்தம் சாகாது. 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் 35-ஆம் பிரிவு சொல்வது, அந்தத் தாளைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்பதுதான். மற்ற பத்திரங்களானால் கட்டாமல் விட்ட முத்திரைத் தீர்வையையும் அபராதத்தையும் கட்டிச் சரிசெய்யலாம். அபராதம் பத்து மடங்கு வரை போகும். புரோநோட்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால் தாள் வீணாகிறது. கொடுத்த கடனைத் தாளை விட்டுத் தனியாக நிரூபிக்க முடியுமா என்பது வேறு சண்டை. இந்த நுணுக்கத்தில் உச்ச நீதிமன்றமே இரண்டுபட்டது. 2023 ஏப்ரலில் ஐவர் அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், முத்திரையிடாத ஒப்பந்தத்துக்குள் இருக்கும் மத்தியஸ்த ஷரத்து (தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம் போவோம் என்ற ஷரத்து) ஒப்பந்தமே ஆகாது என்றது. அதே ஆண்டு டிசம்பர் 13-இல் ஏழு நீதிபதிகள் அதைத் தள்ளி, முத்திரைக் குறை சரிசெய்யக்கூடியது, அதற்காக ஒப்பந்தம் இல்லாமல் போகாது என்று முடித்தார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் புதிய பாடம் வேண்டுமா?

காலாவதியான கடனும் இந்தத் தொகுதிதான். கடன் இருக்கிறது, கோர்ட் கைகொடுக்காது. இங்கே ஒரு நடைமுறை விஷயம் பாடத்தில் கட்டாயம் வர வேண்டும். மூன்று ஆண்டு முடிவதற்குள் "பாக்கி உண்டு" என்று கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலே காலவரையறை புதிதாக ஓடும். முடிந்த பிறகு அப்படி எழுதி வாங்கினால் பயனில்லை. "தருகிறேன்" என்ற வாக்குறுதியே எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும் (ஒப்பந்தச் சட்டம் 25(3)). ஒரு வினைச்சொல்லில் வழக்கு கவிழும்.

பந்தயப் பாக்கி நாலாவது. ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி அதைக் கேட்டு வழக்குப் போட முடியாது, ஆனால் அது சட்டவிரோதம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 1959-இல் கெருலால் பரேக் வழக்கில், பந்தயம் கட்டுவதற்காகச் சேர்ந்த கூட்டாண்மை அதனாலேயே கெட்டுப்போகாது என்றது உச்ச நீதிமன்றம். கடத்தலுக்கென்று கூட்டுச் சேர்ந்திருந்தால் அதை ஒட்டி நடந்த கொடுக்கல் வாங்கலும் சேர்ந்து மூழ்கியிருக்கும். சட்டவிரோதமானதெல்லாம் இல்லாநிலை (கோர்ட்டில் அமலாக்க முடியாதது), இல்லாநிலையானதெல்லாம் சட்டவிரோதம் இல்லை. இதைப் பலகையில் எழுதி அழிக்காமல் விடு.

கோபமாக எழுதியதாக நினைக்காதே. தமிழில் இது சரியாக வர வேண்டும் என்ற பதைப்புதான். ஒவ்வொரு உதாரணத்துக்கும் கீழே மூன்று கேள்வி போட்டுவிடு: யார் தள்ளலாம், எதுவரை தள்ளலாம், வாங்கியதை யார் திருப்ப வேண்டும். நாலு உதாரணத்துக்கும் விடை வேறாக வருவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

திருத்திய ஏழாம் பக்கத்தை வகுப்பு தொடங்குவதற்குள் அனுப்பு. பன்னிரண்டாம் பக்கத்தில் 74-ஆம் பிரிவு பற்றியும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான ஈட்டுத்தொகை எவ்வளவோ அவ்வளவே. அதை அடுத்த கடிதத்தில் விரிவாகப் பார்ப்போம்.

அக்காவுக்கும் குழந்தைகளுக்கும் அன்பு.

உன்,
ரவி