ழகரம் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழாசிரியர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்பு வரை எனக்கு ழகரம் வராது. எழுப்பி நிறுத்தி ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்வார்கள், ‘வாளைப்பளம்’ என்பேன். “உலகத்தில் வேறெந்த மொழிக்கும் இல்லாத எழுத்து, தமிழ்ப்பிள்ளை உனக்கு வரவில்லையா?” என்பார்கள். இன்றும் வகுப்பறைகளில் இந்தக் கேள்வி ஓயவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், அது உண்மையில்லை. மலையாளத்தில் ழகரம் உயிரோடு இருக்கிறது. கோழிக்கோட்டுக்காரர் தம் ஊர்ப்பெயரைச் சொன்னாலே கேட்கும். கன்னடமும் தெலுங்கும் பழைய கல்வெட்டுகளில் அதற்குத் தனி எழுத்தே வைத்திருந்து பின்னாளில் இழந்தன. நம் கோழி கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. ஏழு அப்படியே ஏளு, ஏடு என்றானது. சீனரின் மாண்டரினில் மனிதரைக் குறிக்கும் ‘ரென்’ என்ற சொல்லின் முதல் ஒலி ழகரத்துக்கு மிக நெருக்கம்.

அமெரிக்கர் ‘கார்’ என்னும்போது கடைசி ஒலியைக் கவனியுங்கள். அவர்களில் பலர் நாக்கு நுனியை மேலே வளைத்து, எதையும் தொடாமல் நிறுத்துகிறார்கள். ஏறக்குறைய நம் ழ் அது. ஒலியியலாளர் ழகரத்துக்கு வைத்த குறியும், தலைகீழாக்கி வால் சேர்த்த ஆங்கில ஆர் எழுத்துதான். தொல்காப்பியரும், எழுத்துகள் வாயில் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலில், ழகரத்தை ரகரத்தோடுதான் சேர்த்தார், ளகரத்தோடு அல்ல. ‘நுனிநா அணரி அண்ணம் வருட’, அதாவது நாக்கு நுனி மேலே வளைந்து வாயின் மேற்கூரையான அண்ணத்தை வருட, இரண்டும் பிறக்கும் என்கிறார். இதைப் படித்த நாளில் எனக்கு அழுகையே வந்தது. எட்டு வருடம் யாரும் என் நாக்கைப் பற்றிப் பேசவே இல்லையே!

ளகரத்தில் நுனி அண்ணத்தில் ஒட்டும், காற்று நாக்கின் இரு ஓரமாகப் போகும். ழகரத்தில் நுனி ஒட்டாது, காற்று நடுவே போகும். வித்தியாசம் இவ்வளவுதான். ‘ள்’ என்று இழுத்துக்கொண்டே நுனியை மட்டும் மெல்ல விடுவித்துப் பார்த்தேன், வந்துவிட்டது.

இன்னொன்று. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் ‘பளம்’ தலைமுறைகளாகப் புழங்கும் பேச்சு. அதைப் பேசும் பிள்ளை பிழை செய்யவில்லை, வீட்டில் கேட்டதைச் சொல்கிறது. வாசிக்கும்போது ழகரம் வேண்டுமென்றால் கற்றுக்கொடுங்கள். வீட்டுப் பேச்சைக் கேலி செய்யாதீர்கள்.

நாளை ஒரு பிள்ளைக்கு ழகரம் வராவிட்டால் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய், ஒரு கையை அண்ணமாகக் கவிழ்த்து, மறுகை விரல்களை அதன் அடியில் தொடாமல் வளைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ழகரம் தாமதமாக வாய்த்த ஒருவர்