அறுந்த கயிறு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். உன் மூட்டுவலிதான் கவலையாக இருக்கிறது. டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே.

நாங்கள் இன்னும் சூரிச்சில் மகன் வீட்டில்தான் இருக்கிறோம். போன வாரம் செர்மாட் போய் வந்தோம், மேட்டர்ஹார்ன் மலையடிவாரத்து ஊர். பெட்ரோல் கார்களை உள்ளே விடுவதில்லை. டாஷ் என்ற ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். மலை 4478 மீட்டர். அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிட்டது.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு துண்டுக் கயிறு வைத்திருக்கிறார்கள். அதைவிட்டு நகரவே எனக்கு மனசு வரவில்லை. 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேயர் எட்வர்ட் விம்பரும் இன்னும் ஆறு பேரும் முதன்முதலில் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது 19 வயதுப் பையன் ஹேடோ வழுக்கி விழ, அவனோடு பிணைத்திருந்த மூன்று பேரும் சரிந்தார்கள். நடுவில் கயிறு அறுந்தது. நால்வரும் போய்விட்டார்கள். அவர்களில் பிரான்சிஸ் டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. மிஞ்சியவர்கள் விம்பரும், உள்ளூர் வழிகாட்டிகளான பீட்டர் டாவ்க்வால்டரும் அவர் மகனும்.

தன் உயிரைக் காத்துக்கொள்ள அப்பா டாவ்க்வால்டர்தான் கயிற்றை அறுத்துவிட்டார் என்று ஊர் பேசியது. விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்றே தீர்ந்தது. இருந்தும் பேச்சு ஓயவில்லை. கொண்டுபோன கயிறுகளிலேயே நலிந்தது அது. அந்த மெல்லிய இழைகளைப் பார்த்தால் வெட்டவே தேவையில்லை என்று உனக்கும் தோன்றும். புகழ் விம்பருக்குப் போனது, பழி மட்டும் அந்த வழிகாட்டிக்கு. எனக்கு இன்னும் ஆறவில்லை, சுந்தரம்.

அப்புறம் ஹின்டர்டோர்ஃப் என்ற பழைய தெருவுக்குப் போனோம். லார்ச் மரத்தில் கட்டிய தானியக் களஞ்சியங்கள், வெயில் பட்டுப் பட்டுக் கருத்துப்போனவை. கால்களுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே பெரிய தோசைக்கல் மாதிரி தட்டையான கற்பலகைகள். எலி ஏறி வந்தாலும் அந்த விளிம்பைத் தாண்ட முடியாது. உல்லாசப் பயணிகள் வருவதற்கு முன்னால் இந்த மக்கள் இப்படித்தான் ரை என்ற தானியம், பார்லி என்று கிடைத்ததைக் காத்துப் பிழைத்திருக்கிறார்கள். விடுதிகளைவிட இவற்றைத்தான் நீ பார்க்க வேண்டும்.

மூட்டுவலியைச் சாக்காகச் சொல்லாதே. செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் என்ற மலைமுகட்டுக்கு 1898 முதல் ரயில் ஓடுகிறது. 3089 மீட்டர் வரை உட்கார்ந்தபடியே போகலாம், மலை நேர் எதிரே தெரியும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டாயா? தங்கச்சியிடமும் கேட்டுவிட்டு, அடுத்த கோடையில் வர முடியுமா என்று எழுது.

அன்புடன்,
ராமநாதன்