ரேகை தேய்ந்த கைக்கும் மானியம் கொடுங்கள்

எரிவாயு மானியத்தையும் கார்பன் சந்தையையும் கவனிக்கும் டெல்லி அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருவாரூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நிலக்கரிக்கு 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி போட்டீர்கள். 2016-ல் அது 400 ஆனது. தூய எரிசக்திக்கு என்று வாங்கிய வரி, 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போன கதை உங்களுக்கே தெரியும். சரி, அது பழசு. 2023-ல் கார்பன் வணிகத் திட்டத்தை, அதாவது புகையைக் குறைத்த ஆலை அந்தக் குறைப்பை மற்ற ஆலைக்கு விற்கலாம் என்ற திட்டத்தை, அறிவித்திருக்கிறீர்கள். அதனால் நாளைக்கு சிமென்டும் இரும்பும் விலை ஏறினால், வீடுகளுக்கு உதவித்தொகை நேரே வங்கிக் கணக்குக்கு வரும் என்று சொல்லத்தான் போகிறீர்கள். இப்போது தருகிற உதவி எப்படி வந்து சேர்கிறது என்று முதலில் என் சித்தியைக் கேளுங்கள்.

சித்திக்கு உஜ்வாலா இணைப்பு, ஏழைப் பெண்களுக்கு மத்திய அரசு தரும் கேஸ் இணைப்பு. சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். கைரேகை வைத்துப் புதுப்பித்தால்தான் உண்டு என்றுவிட்டார்கள். நாற்பது வருஷம் நாற்றுப் பறித்து நடவு நட்ட கை அது. கட்டைவிரல் வழவழவென்று இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார், முந்தானையில் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். பத்து விரலுக்கும் மெஷினில் சிவப்பு விளக்குதான். "மொபைல்ல முகத்தைக் காட்டலாமே" என்றான் ஏஜென்சிப் பையன். சித்தியிடம் இருப்பது பட்டன் போன். மூன்று தடவை போனதில் மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம்.

இப்போது சிலிண்டர் விருந்தாளிக்குக் காபி போட மட்டும். மற்றபடி கருவேல விறகு. மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி, சோறு வேகுமுன் சித்தியின் கண் சிவந்துவிடுகிறது. கார்பனைக் குறைத்த கணக்கில் இந்த அடுப்பையும் சேர்த்திருப்பீர்கள்.

ரேகை பதியவில்லை என்பதற்காக மானியத்தை நிறுத்தாதீர்கள்.

அடியக்கமங்கலத்தில் வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு நிற்கிறது. பூமிக்கடியில் அவ்வளவு ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க உங்களிடம் மெஷின் உண்டு. எதிரே நிற்கும் சித்தி இன்னார் என்று பார்க்கத்தான் இல்லை!

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஊருக்குள் சிலிண்டர் இறக்கும் தம்பிக்கே சித்தியை நன்றாகத் தெரியும், அவர் சொன்னாலும் போதும். எப்படியானாலும் ரேகை இல்லை என்று மானியத்தை நிறுத்த வேண்டாம். நாளை வரப்போகும் உதவித்தொகைக்கும் இதே மெஷினை வைத்துவிட வேண்டாம்.

தயவுசெய்து இரண்டாம் போகமான தாளடி நடவுக்கு முன்னால் ஆவன செய்யுங்கள். அப்புறம் சித்திக்கு ஏஜென்சி வாசலில் நிற்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு டெல்டாக்காரன்