வீட்டுப் பாடத்தில் கோளறு பதிகமும் நிழல் கடிகாரமும்

வேலூர்

அன்பு மகளுக்கு,

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் எடுக்கிறாய், சமயத்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. தனியாக ஒதுக்கினால் வேலை நெருக்கும் வாரத்தில் முதலில் அடிபடுவது அதுதான். இருக்கிற பாடத்துக்குள்ளேயே இடம் பார்த்து வை.

தமிழுக்குச் சம்பந்தரின் கோளறு பதிகத்தில் முதல் பாட்டு போதும். நாளுக்கு ஓர் அடி, ஐந்தாம் நாள் முழுப் பாட்டு. மனப்பாடத்துக்கு முன்னால் சொல்லைப் பிரிக்கச் சொல். 'வேயுறு தோளி'யில் வேய் என்றால் மூங்கில் என்று தெரியாவிட்டால் சின்னவளுக்கு வெறும் ஓசைதான் மிஞ்சும். ஞாயிறு தொடங்கிச் சனி வரை வாரம் வரிசையாக அதிலேயே வருகிறது. அடுத்து வரும் 'பாம்பு இரண்டும்' பெரியவனுக்கு அறிவியல். ராகு கேது கண்ணால் பார்க்கும் கோள்கள் அல்ல. வானத்தில் சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். அவற்றுக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ விழுந்தால்தான் கிரகணம். உன் வளையல் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று சாய்த்துக் காட்டு, போதும்.

வில்வத்தை மூன்று இலை என்று சொல்லிக் கொடுக்காதே. அது ஓர் இலை, மூன்று சிற்றிலை. அதற்கு அடையாளம் மொட்டு: முழுக் காம்பின் அடியில் இருக்கும், சிற்றிலைகளின் அடியில் இருக்காது. பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

கணக்குக்கு நம் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயில் கல் கடிகாரம். மேலே குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. அதே வேலையை அட்டையில் செய்யலாம். 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் வெட்டி, 15 பாகைக்கு ஒரு மணி என்று கோடு போடு. ஓரத்தில் ஒரு மணிக்கு 2.6 செ.மீ. வரும். நடுவில் ஒரு குச்சியை அட்டைக்குச் செங்குத்தாகச் செருகு. குச்சி நேர் வடக்கே பார்த்து, தரையிலிருந்து அந்த ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும்: வேலூருக்கு 13 பாகை, உன் புனேவுக்கு 18½. குச்சியை நட்டமாக நிறுத்தினால் சம இடைவெளிக் கோடுகள் பொய் சொல்லும். எல்லோரும் தவறுவது அங்கேதான்.

12 மணிக் கோடு வட்டத்தின் கீழ்ப்பக்கம் வரட்டும். மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை வெயில் அட்டையின் வடக்கு முகத்தில், எண்கள் வலம்புரி, அதாவது கடிகார முள் சுற்றும் பக்கம். மற்ற மாதங்களில் தெற்கு முகத்தில், இடம்புரி. இரண்டு பக்கமும் எழுதாவிட்டால் குளிர்காலத்தில் 'கடிகாரம் கெட்டுப்போச்சு' என்பான் பெரியவன். அந்த இரண்டு தேதிகளை ஒட்டி வெயில் அட்டை விளிம்பை உரசிப் போவதால் நிழல் சரியாக விழாது. நாலைந்து நாள் விட்டுவிடு.

வேலூர்க் கோட்டைப் பாடம் ஊருக்கு வரும்போது. ஒரே மதிலுக்குள் கோயில், மசூதி, தேவாலயம். ஜலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்து 1981இல்தான் மறுபடி பூசை கண்டது என்பதையும் சொல். கல்யாண மண்டபத்தில் காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. ஒரு பாதியைக் கையால் மறைத்து வரையச் சொல்.

ஒன்று மட்டும். விளக்கேற்றித் திருநீறு பூசும் ஐந்து நிமிடத்தில் கேள்வி கேட்டு மார்க் போடாதே. மாலையில் விளக்கைக் கண்டாலே ஓடி ஒளிவார்கள்.

மே மாதம் வரும்போது அந்த அட்டையைக் கொண்டு வாருங்கள். மே நடுவில் புனேயில் அது கைக்கடிகாரத்தைவிடச் சுமார் 31 நிமிடம் பின்தங்கும். இங்கே சாய்வை 13 ஆக்கி வைத்தால் 10 நிமிடம்தான் பின்தங்கும். மீதி 21 நிமிடம் எங்கே போனது என்று பெரியவன் தீர்க்கரேகை பார்த்துக் கணக்குப் போடட்டும். பாகைக்கு 4 நிமிடம் என்பதை நீ முந்திச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா