அருளப்பன் அயற்பெயர் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் தமிழர் பெயர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஊன்றிப் படித்தேன். பொருள் அறிந்து பிள்ளைகளுக்குப் பெயர் சூட்ட வேண்டும் என்று கட்டுரையாளர் வலியுறுத்துவதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயினும், தமிழ்க் கிறித்தவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் பொருள் தெரியாமல் இரவல் வாங்கிய அயற்பெயர்கள் என்று ஒரே வரியில் அவர் ஒதுக்கிவிட்டதை ஏற்க இயலவில்லை. தென்மாவட்டப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழாசிரியராகப் பணியாற்றி, ஆண்டுதோறும் அப்பெயர்களை வருகைப் பதிவேட்டில் எழுதி வந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அருளப்பன் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் யோகனான் என்றால் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பொருள். அப்பெயர் கிரேக்கத்தில் யோவான்னேஸ் ஆகி, இலத்தீன் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவி, ஆங்கிலத்தில் ஜான், ஸ்பானியத்தில் ஹுவான், ருசியத்தில் இவான், அயர்லாந்தில் ஷான் என்று ஊருக்கொரு வடிவம் கொண்டது. குர்ஆனின் அரபு மொழியில் இறைவாக்கினரான திருமுழுக்கு யோவான் யஹ்யா என்று அழைக்கப்படுகிறார். ஐரோப்பிய மொழிகளில் நடந்தது ஒலியின் பயணமே. மகனை இவான் என்று கூப்பிடும் ருசியத் தாயின் காதில் 'அருள்' என்ற சொல் விழுவதில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்களோ ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். யோவான் அருளப்பர் ஆனார். போர்த்துக்கல் நாட்டிலிருந்து வந்து மறவர் நாட்டில் பணி செய்து, 1693ஆம் ஆண்டு ஓரியூரில் உயிர் துறந்த ஜான் டி பிரிட்டோவும் அதே அருளைத் தம் பெயரில் ஏற்று அருளானந்தர் ஆனார். முருகப்பன், மாடப்பன் என்று வழங்கும் ஊரில் அருளப்பன் எந்தக் காதுக்கும் அயலாக ஒலிக்கவில்லை.

பவுல் என்ற பெயரும் அப்படியே. இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர் என்று பொருள். ஆகவே திருத்தூதர் பவுல் இங்கே சின்னப்பர். தேம்பாவணிக் காப்பியத்தின் தலைவனான யோசேப்புக்கு வீரமாமுனிவர் சூட்டிய வளன் என்ற பெயர் இவற்றுள் ஆழ்ந்த புலமை உடையது. யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு 'அவர் மேலும் சேர்ப்பார், பெருகச் செய்வார்' என்பது பொருள். பெருக்கத்தைச் சொல்லும் அப்பெயருக்கு வளன் என்பதைவிடச் செறிவான இணை வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. முனிவரின் சொந்தப் பெயரான கொஸ்தான்சோ என்பதும் உறுதியைக் குறிப்பது. அதனால்தான் அவர் முதலில் தைரியநாதர் எனப்பட்டார், பின்னரே வீரமாமுனிவர் ஆனார்.

இந்த மரபில் என் நெஞ்சைத் தொட்ட பெயர் தேவசகாயம். இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது லாசர் என்னும் விவிலியப் பெயரை ஏற்றார். லாசர் என்பது எலயாசர் என்னும் எபிரேயப் பெயரின் குறுக்கம். 'கடவுள் துணைசெய்தார்' என்று பொருள்படும். அதன் நேர் வடிவமே தேவசகாயம். இதிலுள்ள இரண்டு சொற்களும் வடமொழிச் சொற்கள் என்று கட்டுரையாளர் சுட்டலாம். ஆனால் அன்றைய தென்திருவிதாங்கூரில் எளியோரும் புரிந்துகொண்ட சொற்கள் அவை. 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட அவரை 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவித்தார்கள். லாசர் என்று மட்டும் அவரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் பலருக்கு ஆளைத் தெரியாது.

எல்லாப் பெயர்களும் இப்படிப் பொருள் பெயர்த்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சூசை என்பது ஜோசே என்னும் போர்த்துக்கேய ஒலியின் தமிழ் வடிவம். சந்தியாகு என்பதில் 'புனித' என்னும் அடைமொழியே 'சந்த்' என்று பெயரின் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தோணி பழைய உரோமானியக் குடிப்பெயர்; அதன் மூலப்பொருளை அறிஞர்களாலும் உறுதிப்படுத்த முடியவில்லை. கடற்கரையில் வழங்கும் பெர்னாண்டோ, ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தை ஆண்ட கோத்தியர் என்னும் செருமானிய இனத்தார் விட்டுச் சென்ற செருமானியப் பெயர். இலங்கையில் பரவலாக உள்ள பெரேரா பேரிக்காய் மரத்தையும், சில்வா காட்டையும் குறிப்பவை.

ஆனால் ஒலி வழியாக வந்தவற்றையும் நம் மக்கள் அப்படியே விட்டுவிடவில்லை. சவேரியார் என்பது ஓர் ஆளின் இயற்பெயரே அன்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு மறைப்பணி செய்ய வந்த பிரான்சிஸ் பிறந்த, இன்றைய ஸ்பெயினிலுள்ள நவார் நாட்டுச் சேவியர் கோட்டையின் பெயர் அது. பாஸ்க் மொழியில் 'எச்சே பெர்ரி', அதாவது புதுவீடு. ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத ஒரு மொழியில் பிறந்த வீட்டுப் பெயரோடு நம்மவர்கள் முத்துவைச் சேர்த்துச் சவரிமுத்து என்று அழைத்தார்கள். சவரியம்மாள், சவரிராயன் என்று அதிலிருந்து மேலும் பெயர்கள் கிளைத்தன. இதை இரவல் என்று எப்படிச் சொல்வது?

இன்று இப்பெயர்கள் நலிந்து வருகின்றன என்பதே என் கவலை. 1995இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது, பிற திருச்சபைகளோடு ஒத்துப்போகும் பொருட்டு, அருளப்பர் யோவானாகவும் சின்னப்பர் பவுலாகவும் இராயப்பர் பேதுருவாகவும் மாறினர். அந்த ஒற்றுமை நோக்கத்தை நான் மதிக்கிறேன். எனினும் சூன் 29ஆம் நாளை இராயப்பர் சின்னப்பர் திருநாள் என்று பாட்டிமார் சொன்னால், பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் யாரென்று விளங்காத நிலை வந்துவிட்டது.

இதனால் நடைமுறைத் தொல்லையும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் வாரிசுச் சான்றிதழுக்கு மனுச் செய்தபோது, பாட்டனாரின் பெயர் பத்திரத்தில் சவரிமுத்து என்றும் கோயில் பதிவேட்டில் சேவியர் என்றும் இருந்ததால், இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே பெயர் என்பதை விளக்கப் பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி, நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அவர் பல மாதங்கள் அலைந்தார். அருளப்பன் – ஜான், சூசை – ஜோசப், சின்னப்பன் – பால் என்று இருவேறு ஆவணங்களில் வழங்கும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் ஏராளம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தைகளுக்கான பெயர்ப் பட்டியலை அடுத்த முறை வெளியிடும்போது வளன், அருளப்பன், தேவசகாயம் போன்ற பெயர்களையும் அவற்றின் மூலம், பொருள் ஆகியவற்றோடு தமிழ்ப் பெயர்களாகவே சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். பழைய திருமுழுக்குப் பதிவேடுகளில் இலத்தீனில் ஒரு பெயரும் ஊர் வழக்கில் வேறொரு பெயரும் கொண்டவர்களைப் பற்றி அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இப்பெயர்களைத் திரட்டித் தருமாறு தங்கள் வாசகர்களுக்கு அழைப்பு விடுத்தால், என்னிடமுள்ள குறிப்புகளை முதலாவதாக அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்.