செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டுகிறது?

ஆசிரியருக்கு,

நொய்யல் படுகையின் சிறு பேரூராட்சிகளுக்குப் பாதாளச் சாக்கடை கட்டுபடியாகாது. கருங்குழி, பெரியநாயக்கன்பாளையம் ஊர்களில் உள்ளது போல, வீட்டுச் செப்டிக் டேங்குகளிலிருந்து லாரி உறிஞ்சி வரும் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைக்கலாம். ஆனால் கட்டிவிட்டால் தானாக ஓடாது.

நிலையத்தில் கசடைக் காயவைக்கும் மணல் பரப்பிய உலர்படுகையில் ஒரு முறைக்கு 20 முதல் 30 செ.மீ. உயரமே கசடு விட வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்குள் வெடித்துப் பாளம் பாளமாகும். காயுமுன் அடுத்த லோடை இறக்கினால் மணல் அடைத்துக்கொள்ளும்; மேல்மணலைச் சுரண்டி மாற்றுவதுதான் வழி. ஓட்டல் எண்ணெய்க் கழிவோ சாயக்கழிவோ கலந்த லோடு இன்னும் மோசம். சாயக்கழிவு என்று சந்தேகம் வந்தால், இறக்குமுன் அமில, காரத் தன்மை காட்டும் பிஹெச் தாளை நனைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும், செலவும் சில ரூபாய்தான்.

வீட்டுத் தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்ச வேண்டும். பத்தாண்டு விட்டால் அடிக்கசடு இறுகிப்போய், மேல்தண்ணீர் மட்டுமே குழாயில் ஏறும். அடித்தளம் பூசாத தொட்டி எளிதில் நிரம்பாது (அதைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு). நிலத்தடி நீரில் கலக்கிறது என்பதே அதன் பொருள். பல வீடுகளில் தொட்டியின் மூடியோ டைல்ஸுக்கு அடியில்!

நிலையம் தொலைவில் இருந்தால் லாரி பக்கத்து ஓடைக்குத்தான் போகும். நிலையத்தில் இறக்கிய ரசீதைக் காட்டிய பிறகே லாரிக்காரருக்குக் கட்டணம் என்று பேரூராட்சிகள் விதிக்கட்டும்.