கையில் வந்த தழும்பு

அயனாவரம்,
23.8.2020

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் 'ஏம்ப்பா, நீங்க என்ன சோதனை எலியா?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். ஸ்பீக்கரில் போட்டு உன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள், அது வேறு கதை. போனில் உன்னோடு மல்லுக்கட்ட எனக்கு மூச்சு போதாது. அதனால்தான் கடிதம்.

ஜூலைக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். உன் வயசுதான் இருக்கும். முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீல்டு, உள்ளே வேர்வை வழிகிறது. காய்ச்சல் கணக்கெடுப்பு என்று நினைத்து, "யாருக்கும் ஒண்ணுமில்லம்மா" என்றேன். கேட்டைத் தாண்டாமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டால் கொரோனாவின் கடுமை குறைகிறதா என்று பார்க்கிறார்களாம். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. பிறந்த குழந்தைக்குப் போடுகிற அதே ஊசிதான்.

தெருவில் அவளுக்குக் கிடைத்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்தே, "பென்ஷனை மிச்சம் பிடிக்க கவர்மென்ட் வழி கண்டுபிடிச்சிருக்கு" என்று கத்தினார். மூலை வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டு மாமா மட்டும் ஆசையாக வந்தார். அவர் கிட்னி மாற்றிக்கொண்டவர் இல்லையா, அவரை வேண்டாம் என்றுவிட்டாள். பிசிஜி-யில் இருப்பது உயிருள்ள கிருமி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆகாதாம். ஆள் கிடைக்காமல் வெயிலில் அலைகிறவள், தேடி வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறாள். எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது.

தமிழில் அச்சடித்த தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் வைத்துப் படித்தேன். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. மறுபடி வந்தபோது, "இதைப் போட்டா கொரோனா வராதா?" என்று கேட்டேன். "தெரியாது சார், அதைத் தெரிஞ்சுக்கத்தான் போடுறோம்" என்றாள். உன் அம்மா, "எனக்கு வேண்டாம்" என்றாள். "சரிம்மா" என்று அந்தப் பெண் அதோடு விட்டுவிட்டாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

1968-ல் என்னை யார் கேட்டது? திருவள்ளூர் பக்கம் 200-க்கும் மேற்பட்ட கிராமங்களில் இதே பிசிஜி-யை வைத்துத்தான் பெரிய ஆராய்ச்சி நடந்தது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம், அதனால் செங்கல்பட்டு ஆராய்ச்சி என்பார்கள். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. உன் தாத்தா என் கையைப் பிடித்து நீட்டினார், குத்தினார்கள், அவ்வளவுதான். மூன்றில் ஒருவருக்கு மருந்தே இல்லாத ஊசி என்பது பிற்பாடு தெரிந்தது. உன் அத்தைக்குத் தோளில் வட்டமாகத் தழும்பு உண்டு. எனக்கு அம்மை குத்தின தழும்பு மட்டும்தான். என் பங்குக்கு வெறும் தண்ணீர்தான் விழுந்திருக்கும்.

பதினைந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்து, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுப்பதில்லை என்று முடிவு சொன்னார்கள். தோற்றுப்போன ஆராய்ச்சி என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலிக்காது என்று தெரிவதும் ஒரு முடிவுதானே. உன் மாமா மார்ச் மாதம் அடித்துப்பிடித்து வாங்கி வைத்தாரே ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை, அது கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்குப் பலன் தரவில்லை என்று ஜூனில் இங்கிலாந்தில் சொல்லிவிட்டார்கள். அதே ஆராய்ச்சியில்தான் டெக்ஸாமெத்தசோன், விலை மலிவான பழைய மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்றும் தெரிந்தது. 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்த கணக்கு. மூச்சு முட்டுகிற நேரத்தில் சம்மதம் சொன்ன ஜனங்கள், கயல். நான் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவன்.

உன்னிடம் முன்கூட்டியே சொல்லாதது தப்புதான். சொன்னால் இ-பாஸ் வாங்கிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பி வந்துவிடுவாய் என்று பயம்.

ஊசி போட்ட இடத்தில் மூன்றாம் வாரம் கொப்புளம் வந்து உடைந்தது. இப்படித்தான் ஆகும், எதையும் தடவக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள், நான் விடவில்லை. இப்போது காய்ந்து பக்குக் கட்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறேன், பார். அத்தைக்கும் அனுப்பினேன். "இப்பதான்டா நீ நம்ம ஊர்க்காரன் ஆனே" என்கிறாள்.

அன்புடன்,
அப்பா